எமனுக்கும் நாளைக்குத்தான்

“நாளைக்கு வாங்க” என்று சொல்லும்போது அவர் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. வாயில் நாலைந்து குண்டூசி இருக்கும்; அவற்றுக்கு நடுவிலிருந்து வார்த்தை நழுவி வரும். கை வேறு யாருடைய சட்டைக்கோ காலர் மடித்துக்கொண்டிருக்கும். “நேத்தும் இதையேதானே சொன்னீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஊசிகளை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, மிகுந்த அக்கறையோடு, “நேத்து சொன்னது பழசு சார். அதை விடுங்க. இப்ப சொல்றதுதான் நிஜம்” என்பார். சண்டை போட வந்தவன் அந்த இடத்தில் சிரித்துவிட்டால் கதை முடிந்தது. நான் பலமுறை சிரித்துத் தொலைத்தவன். கால் நீளம் குறைக்கக் கொடுத்த என் சாம்பல் நிறக் கால்சட்டை இன்றுவரை அவர் கடையில்தான் குடியிருக்கிறது.

எங்கள் தெருவில் அவருக்கு ‘நாளை அக்கா’ என்று பெயர். ஐம்பதைத் தாண்டிய, குள்ளமான தையல்கார அம்மா. ஒரு மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கும். இன்னொன்று நெற்றியில் ஏறியிருக்கும். இரண்டையும் விட்டுவிட்டு மேசையில் மூன்றாவதைத் துழாவிக்கொண்டிருப்பார். பல் வைத்தியரின் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய கடை. ஒரு வெட்டு மேசை, மோட்டார் வைத்த மெஷின் இரண்டு, ஆளுயரக் கண்ணாடி ஒன்று, வாடிக்கையாளர் காத்திருக்க ஒரு பெஞ்சு. மாடியில் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இறங்குகிறவர்கள் பஞ்சைக் கடித்தபடி அந்தப் பெஞ்சில்தான் சற்று நேரம் உட்காருவார்கள். அவர்களைக் கண்டால் அக்காவுக்குப் பேச்சு பிய்த்துக்கொண்டு வரும். குறுக்கே பேச முடியாத ஆள் கிடைப்பது லேசா என்ன?

இத்தனை இழுத்தடித்தும் ஒருவர்கூட வேறு கடைக்குப் போவதில்லை. அவர் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால், கூன் விழுந்த மனிதனும் தனக்குத்தானே ஒரு வணக்கம் வைப்பான். “தோள்ல ஒழுங்கா உக்காந்தா மத்தது தானா உக்காரும்” என்பது அவருடைய வேதம். அவருக்கு ஆகாத ஒரே பொருள் பாலியஸ்டர். யாராவது அந்தத் துணியைக் கொண்டுவந்து விட்டால் இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோல் தூக்கிப் பார்ப்பார். “இது துணியா சார்? பிளாஸ்டிக் பைக்கு ஒண்ணுவிட்ட அண்ணன்” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவரிடம் சில வாரங்களுக்கு முன் டாக்டர் ஒரு செய்தி சொன்னார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் உப்பி, சுவர் மெலிந்து கிடக்கிறது. எந்த நேரமும் கிழியலாம். நெஞ்சைத் திறந்து அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, வேறொரு குழாயை வைத்துத் தைக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள், வராதவர்களும் உண்டு. டாக்டர் எதையும் மறைக்கவில்லை. முதலில் இரத்த அழுத்தம் இறங்கட்டும் என்று மருந்து எழுதி, ஆபரேஷனுக்கு ஒரு தேதியும் கொடுத்து அனுப்பினார்.

இதை அக்கா என்னிடம் சொன்ன விதம் இருக்கிறதே, ஏதோ லாட்டரி விழுந்த செய்தி என்றுதான் பக்கத்தில் நின்றவர் நினைத்திருப்பார். “துணி நைஞ்சு போச்சுன்னா அது மேல எத்தனை தையல் போட்டாலும் நிக்காது சார். நைஞ்ச இடத்தை வெட்டிட்டு ஒட்டுப் போடணும். டாக்டர் சொன்னதும் அதேதான். எனக்கு டக்குனு புரிஞ்சிடுச்சு. ஒட்டுக்கு என்ன டாக்டர் வைப்பீங்கன்னு கேட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே என்ன சொன்னார் தெரியுமா?” மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். “பாலியஸ்டராம்! என் நெஞ்சுக்குள்ள! ஆயுசு பூரா ஏசினதுக்கு, எங்க வந்து உக்காரப் போகுது பாருங்க!”

நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பயமாக இல்லையா என்று கேட்டேன். ஊசிகளைக் கைக்கு மாற்றினார். “இல்லாம? ஊருக்கெல்லாம் நான்தான் தேதி குடுப்பேன். எனக்கே ஒருத்தர் தேதி குடுத்துட்டார். கேட்டா தள்ளியும் வைக்க மாட்டாங்களாம்.” குரல் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் இறங்கியது. உடனே என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, “அதை விடுங்க. நான் ஒரு படம் எடுக்கப் போறேன். காமெடிப் படம். சாவைப் பத்தி” என்றார். அவர் கண் இரண்டும் பளபளவென்று இருந்தன.

கதையைக் கேளுங்கள். ஒரு தையல்கார அம்மாவைக் கூட்டிப்போக எமன் வருகிறார். “எருமை வாடகைக்குக் கிடைக்கல சார். அதனால பஸ்ஸுல வர்றார். சில்லறை இல்லாம கண்டக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு வர்றார்.” கடைவாசலில் நின்று, “நேரமாச்சு” என்கிறார் எமன். அம்மா அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்கிறாள். கோட்டில் முழங்கை கிழிந்திருக்கிறது, அடிமடிப்பு தொங்குகிறது. “இந்தக் கோலத்தோடவா என்னைக் கூட்டிட்டுப் போவீங்க? வழியில நாலு பேர் பாத்தா என் மானம் போயிடும். கையை நீட்டுங்க, அளவு எடுக்கணும்.” அளவெடுத்து, துணி காட்டி, செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிடுகிறாள். எமனுக்கும் நாளைக்குத்தான்! அவர் செவ்வாய்க்கிழமை வருகிறார். பட்டன் கிடைக்கவில்லை. மறுபடி வருகிறார். கோட்டின் கை ஒரு விரல் நீளம் கூடிவிட்டது. மறுபடி வருகிறார். மெஷின் ரிப்பேர். வந்து வந்து, பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, கடைசியில் எமன் கடைக்கு வேலையாள் ஆகிவிடுகிறார். துணியின் மறுமுனையைப் பிடிக்கிறார். இஸ்திரிப் பெட்டியைச் சூடு பார்க்கிறார். வருகிறவர்களிடம் “நாளைக்கு வாங்க” என்கிறார்.

அக்கா இதை நடித்துக் காட்டிய வேகத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் பஞ்சோடு சேர்த்துச் சிரித்து, மறுபடி மாடிக்கு ஓட வேண்டியதாகிவிட்டது.

படக்குழு வீட்டு ஆட்களோடு முடிந்துவிட்டது. எமன், அக்காவின் கணவர். பஸ் டிரைவர். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். எப்போதும் டயர் பஞ்சரான முகம். “மேக்கப்பே வேணாம் சார். கல்யாணத்தன்னைக்கே இப்படித்தான் நின்னார். யார் வீட்டுத் துக்கத்துக்கு வந்திருக்கார்னு எங்க சித்தி கேட்டாங்க.” கேமரா, அக்காவின் தம்பி. கல்யாண வீடியோ எடுப்பவர். யார் கண்ணிலாவது ஈரம் தெரிந்தால் கை தானாக ஜூமுக்குப் போய்விடும். “டேய், இது காமெடிடா, கிட்ட வராத” என்று அக்கா நூறு தரம் கத்தியிருப்பார். மீதி எல்லாவற்றுக்கும் அவருடைய நாத்தனார். கடையில் பட்டன் தைக்கிறவர். போன காட்சியில் எமனின் எத்தனையாவது பட்டன் திறந்திருந்தது என்பது அவருக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். டைரக்டர், கதாநாயகி, உடை எல்லாம் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு. அன்றைக்குத்தான் மாடியில் பல் ராவும் சத்தம் இருக்காது.

ஒரு ஞாயிறு எனக்கும் அழைப்பு வந்தது. “நடிக்கவே வேணாம் சார். கால்சட்டை எங்கன்னு வழக்கமா கத்துவீங்கல்ல, அதைக் கொஞ்சம் கத்துங்க.” நான் போய்க் கத்தினேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எமன் எழுந்து, “நான் முன்னாடி வந்தவன்” என்றார். “நீ யாரா இருந்தா எனக்கென்ன? என் கால்சட்டை உனக்கு முந்தி வந்தது!” இந்த வசனம் எழுதப்பட்டது அல்ல, என் வயிற்றெரிச்சலிலிருந்து வந்தது. அக்கா காட்சிக்கு நடுவிலேயே கை தட்டிவிட்டார். தம்பி தலையில் அடித்துக்கொண்டார். ஏழெட்டுத் தடவை திரும்ப எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் எங்களில் ஒருவர் சிரித்துக் கெடுத்தார். எமனிடம் வரிசைக்காக மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்குப் போன அன்று என் நடையே வேறாக இருந்தது. நான் பல ஆண்டுகளாகப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். சாவைப் பற்றியும் கனமாக நாலு பத்தி எழுதியிருக்கிறேன். அதன் சட்டையைப் பிடித்து உலுக்கியது அன்றுதான்.

இந்தக் கூத்துக்கு நடுவில் கோட்டு மட்டும் நிஜமாகவே வளர்ந்துகொண்டிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை, நாத்தனார்தான் காட்டினார். கறுப்புக் கம்பளித் துணி, உள்ளே கருநீலத்தில் லைனிங். தோளை மெஷினில் ஓட்டாமல் அக்கா கையாலேயே தைத்திருந்தார். தையல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் தடவினாலும் தெரியவில்லை. கடைசிக் காட்சிக்கு நான்கு நாள் முன்னதாகவே கோட்டு இஸ்திரி போட்டுத் தொங்கியது. “அண்ணி சொன்ன தேதிக்கு முன்னாடி முடிச்ச ஒரே உருப்படி இதுதான்” என்றார் நாத்தனார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

படத்தின் முடிவு என்ன என்பதில்தான் வீட்டில் பெரிய ரகளை. நாத்தனாருக்கு எமன் மனம் மாறித் தனியாகத் திரும்பிப் போக வேண்டும். தம்பிக்கு, முடிவைச் சொல்லாமல் கதவை மட்டும் காட்டிவிட்டால் போதும். அக்கா இருவரையும் ஒரே வீச்சில் வெட்டினார்.

“கோட்டு ரெடி. போட்டு விடுறேன். அவர் கிளம்பலாம்ங்கிறார். நான் லைட்டை அணைச்சிட்டு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். அவ்வளவுதான் படம்.”

“மனசு எப்படி அண்ணி வருது உங்களுக்கு?”

“ஊரையே நாளைக்கு நாளைக்குனு ஏமாத்திப் பொழைச்சுட்டேன். இந்த ஒரு வேலையையாவது சொன்னபடி முடிச்சுக் குடுக்குறேன். ஏமாத்தினா பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சுடும். சிரிச்சதெல்லாம் வீணாப் போயிடும்.”

டிரைவர் அண்ணன் எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினார்.

கடைசிக் காட்சி போன ஞாயிறு மதியம். மறுநாள் காலையில் அக்கா ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மாற்றுடையும் மருந்துச் சீட்டும் வைத்த பை, கேமராவில் படாமல் மெஷினுக்குப் பின்னால் இருந்தது. வாசல் வழியாக வரும் வெயில் மேசையை விட்டு இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று தம்பி பரபரத்தார். எனக்கு அன்று வேலை ஏதும் இல்லை. இருந்தும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் போய்ப் படிக்கட்டின் ஓரம் நின்றேன்.

அக்கா கோட்டைப் போட்டு விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் துக்க முகத்துக்கு ஒரு ராஜகளை வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். அது கதையில் இருந்தது. ஆனால் அவர் நடிக்கவில்லை. அடுத்து அவர் திரும்பி, “சரி, கிளம்பலாம்” என்று சொல்ல வேண்டும். திரும்பினார். அக்காவைப் பார்த்தார். வாய் திறந்தது.

“மாத்திரை போட்டியா?” என்றார் எமன்.

கேமரா குலுங்கியது. நாத்தனார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “போட்டாச்சுங்க, எமதர்ம ராஜா! வசனத்தைச் சொல்லுங்க!”

இரண்டாம் முறை அவர் திரும்பியதோடு சரி, வாயே திறக்கவில்லை. மூன்றாம் முறை “சரி” வரை வந்து நின்றுவிட்டார். வெயில் மேசையின் விளிம்புக்கு வந்துவிட்டது. அக்காவுக்குக் கோபம் வந்தது.

“ஏங்க, ரெண்டே வார்த்தை. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன வந்தது?”

அவர் கோட்டின் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றார். “எனக்கு அது பழக்கமில்ல. இத்தனை வருஷமா வண்டி ஓட்டுறேன். நானா கிளம்பலாம்னு ஒரு நாளும் சொன்னதில்ல. கண்டக்டர் ரெண்டு மணி அடிப்பான். அதுக்கப்புறம்தான் எடுப்பேன். நானா சொல்லுன்னா எப்படிச் சொல்றது?”

பிறகு குரல் உடைந்து, “அதுவும் உன்கிட்ட” என்றார்.

தம்பியின் கை வழக்கம்போல ஜூமுக்குப் போனது. அக்கா அன்று அவரைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் கணவரையே பார்த்தார். எனக்கு, யாராவது வேண்டாம் என்று சொல்ல மாட்டார்களா, கடையைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட மாட்டோமா என்று இருந்தது.

“அவ்வளவுதானே?” என்றார் அக்கா. மேசையிலிருந்த பெரிய கத்தரியை எடுத்தார். “மணி நான் அடிக்கிறேன். நீங்க வண்டியை எடுங்க. டேய், ரெடியா?”

தம்பி தலையை ஆட்டினார். டிரைவர் அண்ணன் மறுபடி கண்ணாடியைப் பார்த்து நின்றார். அக்கா அவருக்குப் பின்னால் நின்று, கத்தரியின் பிடியால் மேசையின் மேல் தட்டினார். டங், டங்.

எத்தனை ஆண்டுப் பழக்கம்! அவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. கால் தரையில் ஊன்றியது. திரும்பி, மனைவியை நேராகப் பார்த்து, நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படியான, இதமான, கணீர்க் குரலில் சொன்னார்.

“சரி, கிளம்பலாம்.”

அப்படியொரு எமனை நான் பார்த்ததில்லை. பயமே இல்லை அந்தக் குரலில். பத்திரமாகக் கொண்டு சேர்ப்பேன் என்ற உறுதிதான் இருந்தது. கை அக்கா பக்கம் நீண்டிருந்தது. கூப்பிட்டிருந்தால் நானே பின்னால் போயிருப்பேன். நாத்தனார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். காட்சி வந்துவிட்டது. இனி அக்கா விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கையைப் பிடிக்க வேண்டும், படம் முடிந்துவிடும்.

அக்கா விளக்குப் பக்கம் நகர்ந்தார். சுவிட்சின் மேல் விரல் வைத்தார். வைத்த விரலை எடுத்துவிட்டார். திரும்பி வந்து கணவரைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார். கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, இடது தோளருகே நின்று குனிந்து பார்த்தார். அந்தத் தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. ஒரு குறை கிடையாது. கடையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

“இங்க கொஞ்சம் சரியில்ல” என்றார். கத்தரியின் முனையைத் தோள் தையலுக்குள் விட்டு ஓர் இழையை வெட்டினார். நுனியை விரலால் பற்றி இழுத்தார். தையல் ஒவ்வொன்றாகப் பிரிய ஆரம்பித்தது.

தம்பி கேமராவை நிறுத்தவில்லை. எமன், அக்கா பிரிப்பதற்கு வாகாக, கையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார்.